கூச்சம்: உண்டு / இல்லை

படிவத்தில் ஏழாவது கேள்வி.
கூச்சம்: உண்டு / இல்லை.
கீழே பொடி எழுத்தில்
குளிர்ச்சிக்கா, சூட்டுக்கா, இனிப்புக்கா.

சிம்மக்கல்லில் மாடிப்படி ஏறி வருகிறவர்களிடம்
ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறேன்.
முப்பதில் ஒருவராவது
சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு
"அதெல்லாம் இல்ல, நீங்க கேளுங்க" என்பார்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்
கன்னத்தில் துண்டை அழுத்தியபடி சொன்னார்:
"பொம்பள டாக்டருன்னா கொஞ்சம் இருக்கு தாயி."
பல்லுக்குங்க, என்றேன்.
"பல்லுக்கு நெறையாவே இருக்கு."

பெயர் ஒச்சப்பன். வயது ஐம்பத்தெட்டு.
ஊர் செல்லம்பட்டி.
தொழில்?
"மைக்கு."
கடையா?
"இல்ல தாயி. மொய் வாசிக்கிறது.
காதுகுத்து, கல்யாணம், வசந்த விழா,
யாரு கூப்பிட்டாலும் போவேன்."

என் பேனா அங்கேயே நின்றது.

வெட்கத்துக்குக் கன்னம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும்.
நாணம் பத்தாம் வகுப்புச் செய்யுளோடு எனக்கு முடிந்துபோனது.
சங்கடம் ஒரு காபி குடித்தால் எழுந்து போய்விடும்.
கூச்சம் அப்படியில்லை.
ஐஸ் தண்ணீர் பட்ட பல்,
விரல் பட்ட அக்குள்,
பங்குனி வெயிலில் எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடி,
கடன் கேட்கப் போன வாய்,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப்
போயிருக்கிறார்கள்,
சிக்கனக்காரர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்
திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபம்.
தம்பியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்த மாதம்.
என்னிடம் இருந்தது நூற்றியொன்று,
அந்த ஒன்றும் பக்கத்து வீட்டில் வாங்கியது.
ஒலிபெருக்கி தெருமுனை வரை கட்டியிருந்தார்கள்.
கருமாத்தூர்க்காரர் ஐயாயிரத்து ஒண்ணு.
சோழவந்தான் மாமன்மார் ஒரு பவுன், ஒரு கெடா.
"சிந்தாமணி பேச்சியம்மாள்" என்றது குரல்.

பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
உப்பையே பார்த்தேன்.

அப்புறம் ஒரு இருமல்.
நீளமான, கரகரத்த, மைக்கை நிறைத்த இருமல்.
அது ஓய்ந்தபோது
பெயர் வேறாகியிருந்தது, தொகை வேறாகியிருந்தது.
ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டேன் அன்று.

மதுரையைச் சுற்றி மொய் வாசிக்கிறவர்கள்
எத்தனையோ பேர் இருப்பார்கள்.
இருமல் எல்லோருக்கும் வரும்.
நீங்கதானா அது, என்று கேட்டிருக்கலாம்.
வாய் கூசியது.

உள்ளே டாக்டர் சொல்வது கேட்டது.
"மேல்பூச்சு தேஞ்சுபோச்சுங்க.
காத்து பட்டாக்கூட நரம்புக்குத் தெரியும்."
வாயைத் திறந்திருந்தவர்
"ஆ" என்றார், வேறென்ன சொல்ல.

பல்லை அடைத்த கூலி அறுநூற்று ஐம்பது.
வழக்கமாகக் கூப்பிட்டுத்தான் சொல்வேன்,
பெயர், தொகை, அடுத்தவர்.
அன்று காத்திருந்தது பதினோரு பேர்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி
மேசைமேல் தள்ளினேன்.

கண்ணாடியை மாட்டிப் படித்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு தொண்டையைச் செருமி,
ஊசி போட்ட உதடு ஒரு பக்கம் தொங்க,
கூரைக்குக் கேட்கும்படி:
"செல்லம்பட்டீ... ஒச்சப்பேன்!
ரூபா அறுநூத்தி அம்பதூ!"

பதினோரு பேரும் சிரித்தார்கள்.
மஞ்சள் பையோடிருந்த பொடியன் கைதட்டினான்.
எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை,
ஜன்னல் பக்கம் திரும்பினேன், வெயில், கண் கூசியது.

வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து
எச்சில் தொட்டு எண்ணினார்.
ஆறு நூறு.
ஒரு இருபது.
இன்னொரு மடிப்பைத் தடவினார், ஒரு பத்து.
சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்.

அப்புறம் இருமினார்.

மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த இருமல்.
எண்ணாமல் வாங்கிப் பெட்டியில் போட்டேன்.
"சரியா இருக்கா தாயி?"
சரியா இருக்குங்க.

படியிறங்கும் செருப்புச் சத்தம் அடங்கிய பிறகு பார்த்தேன்,
ஏழாவது கேள்விக்கு எதையும் குறிக்கவில்லை.
உண்டு என்பதைச் சுழித்தேன்.
எதற்கு என்ற இடத்தை
விட்டுவிட்டேன்.